நாலாம் கட்டையில் நிற்கும் பிக்கப்

ஒக்டோபர் 20, வெள்ளி

விடியுமுன்பே மழை. ஐந்து மணிக்குப் புறப்பாடு. இன்றும் பிக்கப் நின்றது.

எல்கடுவை மலையிலிருந்து இறங்கும்போது, நாலாம் மைல் கட்டை வளைவில். இந்த வாரம் மூன்றாவது தடவை. முதலில் விக்கல் மாதிரி இரண்டு குலுக்கல். பிறகு சத்தமே இல்லை. பின்னால் ஏழு கேன் பால். தார்ப்பாயில் மழை.

டிரைவர் ஜப்பார் நானா சாவியைத் திருப்பிவிட்டுக் காதைச் சாய்த்தார். வழக்கமாக பொனட்டுக்குள் பம்ப் 'டிக் டிக் டிக்' என்று அடிக்கும். பெற்றோல் மேலே ஏறியதும் அடங்கும். இன்று ஒரு டிக். நீண்ட இடைவெளி. இன்னொரு டிக். அவ்வளவுதான்.

"மௌத்தாகப் போற ஆள் மூச்சு விடுறாப்பல ஈக்கி," என்றார், சாகக் கிடக்கிறவரைப் போல மூச்சை இழுத்துக் காட்டி.

ஸ்பேனரின் பின்பக்கத்தால் பம்பைத் தட்டினார். வயரை ஆட்டினார். டேங்க் மூடியைத் திறந்து மூங்கில் குச்சியை விட்டுப் பார்த்தார். கால் டேங்க். மறுபடி தட்டினார். வந்துவிட்டது.

"பாத்தீங்களா தங்கச்சி, ரெண்டு போட்டாத்தான் கேக்குது."

மாத்தளைப் பால் நிலையத்தில் 8.25. எட்டரைக்குக் கதவை மூடிவிடுவார்கள். தப்பினோம்.

காய்ந்த சேலை ஒன்றுகூட இல்லை. செருப்பு வார் அறுந்தது. நியமனக் கடிதம் இன்றும் இல்லை.

குழாயடியில் ஒருத்தி, நான் கேட்கட்டும் என்றே: "பேராதனையில படிச்சுட்டு வந்து பாலளக்குது."

அப்பாவின் கால் புண் ஆறும்வரை அளவு எழுத நான்தான் போக வேண்டும். வேறு யார்?

ஒக்டோபர் 21, சனி

வெயில். ஆச்சரியம்: நிற்கவில்லை. டேங்க்கில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. ஊருக்குள் நுழைந்ததும் ஜப்பார் நானா ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தார்.

தோட்டத்து லயத்தில் லெட்சுமி அக்கா பால் ஊற்றிக்கொண்டே கேட்டாள். "ஏம்மா, வண்டிக்கு மசக்கையா? நிக்கிது, போகுது, நிக்கிது?" எல்லோரும் சிரித்தார்கள். நான் அளவை எழுதிக்கொண்டேன். அவளுக்கு இருப்பது ஒரே பசு. அந்தப் பாலில்தான் மகனைப் பள்ளிக்கு அனுப்புகிறாள்.

மாலையில் ஜப்பார் நானா வண்டி கழுவினார். நோன்பு வாய், ஆனாலும் அரைகுறை வேலை செய்ய மாட்டார். ஆயுத பூசைக்கு நான் வைத்த பொட்டுகளை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் தேய்க்கிறார். அம்மா கேட்டதற்கு, "அது நீங்க சாமிக்கு வச்சதில்லையா? நான் கை வைக்கிற சரியில்ல."

மழைக்கு முன்பக்கத்துப் பொட்டெல்லாம் பாதி கரைந்துவிட்டது. இந்த வருஷம் கடையில் சந்தனம் இல்லை. அம்மா மஞ்சளையும் கூப்பன் மாவையும் குழைத்துக் கொடுத்தாள்.

ஒக்டோபர் 23, திங்கள்

நேற்று ஞாயிறு, பால் நிலையம் பூட்டு. அப்பா அரை டேங்க் நிரப்பி வைத்திருந்தார்.

இன்று இரண்டு தடவை நின்றது. இறங்கும்போதுதான், இரண்டும்.

முதல் தடவை: தட்டல், வயர் ஆட்டல், தட்டல். இருபத்தைந்து நிமிடம். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கடந்து போனார்கள். நான் தலை நிமிரவில்லை.

இரண்டாம் தடவை, மூன்றாம் கட்டையில்: குச்சி விட்டுப் பார்த்தார், மூடினார், சாவியைத் திருப்பினார், உடனே வந்தது.

8.50. நிலையத்து ஐயா திரும்பத் திறந்தார், நல்ல மனுஷன். கம்பியால் ஒவ்வொரு கேன் மூடியாக நெம்பினார். 'உஸ்' என்று ஒவ்வொன்றும். முகர்ந்தார். மூன்று கேனைக் கையால் தள்ளி வைத்தார். வாய் திறந்து ஒரு வார்த்தை இல்லை. அதில் ஒன்றில்தான் லெட்சுமி அக்காவின் பால்.

நாளை அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சின்னமாமா சாப்பாட்டுக்கு வந்தார். அம்மாவின் தம்பி. அவருக்கும் வண்டி ஓட்டத் தெரியும் என்பதால் எல்லாம் தெரியும். "மேட்டுல ஏறும்போது நிக்காம, சறுக்கல்ல நிக்கிற வண்டிய எங்கயாச்சும் கண்டிருக்கீங்களா மச்சான்? வண்டி நிக்கல. நிப்பாட்டுறாங்க."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஒக்டோபர் 24, செவ்வாய்

பால் எடுக்கவில்லை. லயத்துக்குச் சொல்லி அனுப்பினோம். வேர்க்‌ஷொப்.

மெக்கானிக் பாஸ் பம்பைக் கழற்றி, உள்ளே பொயின்ட் இரண்டையும் மணல்தாளால் தேய்த்தார். லேசான கருப்புத்தான் இருந்தது. "பம்ப் எக்க ஹொந்தய்," என்று தலையாட்டினார். ஜப்பார் நானா என் பக்கம் திரும்பி, "பம்ப் நல்லதாம்," என்றார். எனக்கும் சிங்களம் தெரியும் என்பதை மறந்துவிடுகிறார். நான் பேசுவதே இல்லையே.

புதிய பம்ப் கேட்டதற்கு பாஸ் சிரித்தார். இறக்குமதி நின்று இரண்டு வருஷம்.

பிறகுதான் அந்தக் காரியம். டேங்க்கில் தண்ணீரோ வேறு எதுவுமோ இருக்கிறதா என்று பார்க்க பெற்றோலைக் குழாய் விட்டு இறக்க வேண்டும். ஒருவர் வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். பாஸ் குழாயை ஜப்பார் நானாவிடம் நீட்டினார். அவர் இரண்டடி பின்வாங்கினார்.

"நோன்பு. வாய்க்குள்ள போனா முறிஞ்சிரும்."

பாஸ் தானே உறிஞ்சித் துப்பினார். தெளிவாக இருந்தது. தண்ணீர் இல்லை. துருவும் இல்லை. பாதியைத்தான் இறக்கினார்கள், மீதி டேங்க்கிலேயே.

மாமா கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எஞ்சின் ஒரு மணி நேரம் நின்ற இடத்தில் ஓடியது. டேங்க் மூடி வேலை மேசையில் ஒரு பழைய பல்சக்கரத்தின் மேல் கிடந்தது. வண்டி ஒரு விக்கல்கூட விக்கவில்லை. "பாஸுக்கு முன்னால நல்ல புள்ள," என்று ஜப்பார் நானா சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

ஒக்டோபர் 25, புதன்

இறக்கிய பெற்றோலைத் திரும்ப ஊற்றி, குறைந்ததையும் நிரப்பி அரை டேங்க்கோடு போனோம். ஐந்தாம் கட்டையில் நின்றது. சுத்தமான பம்போடு.

தட்டவில்லை. குச்சி விட்டுப் பார்த்தார், வந்தது. 8.20. பால் பிழைத்தது. ஆனால் நின்றதைச் சொல்லாமல் முடியுமா? ஜப்பார் நானாவே சொன்னார், அப்பாவிடம், நேராக.

மாமா அதற்காகவே காத்திருந்த மாதிரி.

"பம்ப் நல்லதுன்னு பாஸே சொல்லிட்டாரு. அப்புறம் என்னா? மண்ணெண்ணெய்தான். பெற்றோல வித்துட்டு மண்ணெண்ணெய ஊத்துனா கப்பலே நிக்கும்."

"அல்லாட மேல சத்தியமா..."

"குழாய நீட்டுனாக்க ஏன் பின்னுக்குப் போன? ருசியில தெரிஞ்சிரும்னுதானே?"

"நோன்பு வாய் தம்பி. நான் எப்படி அதுல வாய வெக்கிற?"

"நல்லா வந்துச்சி நோன்பு."

பாஸ் வாய் வைத்தாரே, மண்ணெண்ணெய் ருசி என்று சொல்லவில்லையே என்று எனக்குத் தோன்றியது. கதவுக்குப் பின்னால் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவுவதை நிறுத்தினேன். மறுபடி துருவினேன். டியூடோரியல் வகுப்பிலும் இப்படித்தான். விடை தெரியும், வாய் திறக்குமுன் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். இங்கே வேறு யாரும் இல்லை.

அப்பா "அவன் அப்படி செய்ய மாட்டான்" என்று சொல்வார் என்று காத்திருந்தேன். பதினாலு வருஷமாக நம் வண்டி ஓட்டுகிறவர். அப்பா சொல்லவில்லை. நொண்டிக்கொண்டு போய், தன் கையாலேயே டேங்க்கை வாய் வரை நிரப்பினார். மூடியின் காதில் கம்பியைக் கோர்த்து, குறட்டால் இரண்டு முறுக்கு முறுக்கினார்.

"இனி நான் சொல்லாம இத யாரும் தொறக்கப்படாது."

ஜப்பார் நானா பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குச்சியைத் துடைத்து இருக்கைக்கு அடியில் வைத்தார்.

ஒக்டோபர் 26, வியாழன்

மூடுபனி. முழு டேங்க். மேலே ஏறியபோது ஒன்றுமில்லை.

இறக்கத்தில் ஏழாம் கட்டை: நின்றது. நாற்பது நிமிடம். தட்டித் தட்டிப் பம்பில் பெயின்ட் உரிந்துவிட்டது. வந்தது. ஆறாம் கட்டை: நின்றது. நாலாம் கட்டை: நின்றது. ஜப்பார் நானாவின் உதடு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. தண்ணீர் குடிக்கச் சொல்லவும் முடியாது. கேன்களின் மேல் ஈரச் சாக்குப் போட்டேன். ஓடையிலிருந்து இரண்டு தடவை நனைத்து வந்தேன்.

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். எல்லாம் கெட்டுவிட்டது. ஏழு கேனும். நிலையத்து ஐயா, "இன்னொரு தடவை இப்படியானா உங்க இடத்த வேற ஆளுக்குக் கொடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு," என்றார். கோபமாகக்கூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜப்பார் நானா சாவியை மேசையில் வைத்தார்.

"மொதலாளி, நீங்க போகச் சொல்ல முந்தி நானே போறேன். கம்பி கட்டின டேங்க்க என்னால ஓட்ட ஏலா."

அப்பா சாவியைப் பார்த்தார். அவரைப் பார்க்கவில்லை.

மாமா, அவர் போன பிறகு: "பாத்தீங்களா, மாட்டிக்கிட்டதும் ஓடுறான். என் கூட்டாளி ஒருத்தன் இருக்கான். திங்கக்கிழமையிலருந்து வரச் சொல்றேன். அதுவரைக்கும் நானே ஓட்டுறேன்."

விளக்கை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். முன்பக்கங்களைப் புரட்டினேன்.

20: கால் டேங்க். நின்றது. குச்சி விட்டார், வந்தது.
21: அடியில் கொஞ்சம். நிற்கவே இல்லை.
23: அரை. தட்டல் மட்டும், 25 நிமி. பிறகு குச்சி, உடனே.
24: வேர்க்‌ஷொப். மூடி மேசையில். நிற்கவில்லை.
25: அரை. குச்சி. உடனே.
26: முழுக்க. கம்பி. குச்சி இல்லை. மூன்று தடவை, நாற்பது நிமி.

மண்ணெண்ணெய் என்றால் இன்று நின்றிருக்கக் கூடாது. அப்பா நிரப்பிய பெற்றோல். பம்ப் என்றால் குச்சிக்கு ஏன் பயப்படுகிறது? நிரம்ப நிரம்ப ஏன் மோசம்? ஏன் எப்போதும் இறங்கும்போது?

எனக்கு எஞ்சின் பற்றி ஒன்றும் தெரியாது. நான் படித்தது புவியியல்.

பிறகு: இறங்கும்போது. மலையில் காற்று அழுத்தம் குறைவு, கீழே கூடுதல். மேலே இறுக்கி மூடிய கேனைக் கீழே நெம்பினால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும். தினம் கேட்கிறேன்.

ஜப்பார் நானா டேங்க் மூடியைத் திறக்கும்போதும் அந்தச் சத்தம்தான்.

நாளை பார்க்க வேண்டும். கம்பியை எப்படி?

ஒக்டோபர் 27, வெள்ளி

மாமாவோடு. வழியெல்லாம் அவரே பேசினார். லயத்தில் லெட்சுமி அக்கா பாதி அளவுதான் ஊற்றினாள். மீதியை உறை ஊற்றிக்கொள்வாளாம். "அந்தப் பாய் அண்ணன் எங்கம்மா?" நான் பேரேட்டைப் பார்த்தேன்.

ஏழாம் கட்டையில் நின்றது.

மாமா கதவை அறைந்தார். பொனட்டைத் திறந்தார். "போறப்போ எதையோ லூஸ் பண்ணிட்டுப் போயிருக்கான்." தட்டினார். வைதார். வைதார். தட்டினார்.

இருக்கைக்கு அடியில் குறடு இருந்தது. குச்சிக்குப் பக்கத்தில். எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"ஏய், என்னா செய்ற? மச்சான் கட்டுனது அது!"

முதல் முறுக்கு அவிழ்ந்தது. இரண்டாவது கையைக் கிழித்தது.

"புள்ள, உன்கிட்டதான் பேசுறேன்!"

மூடியைத் திருகினேன். 'உஸ்ஸ்ஸ்'. ஒரு முழு மூச்சு நீளம். டேங்க் மூச்சை உள்ளே இழுத்தது. அதே கணம் பொனட்டுக்குள், யாரும் தட்டாமல், டிக்டிக்டிக்டிக்டிக். மாமா பின்னுக்குத் துள்ளினார்.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் நடுவில் ஊசிமுனை அளவு ஓட்டை. பெற்றோல் குறையக் குறையக் காற்று போவதற்கு; நிரம்பிய டேங்க்கில் இருக்கும் காற்றும் கொஞ்சம், அதுதான் சீக்கிரம் மூச்சு முட்டியது. வெளிப்பக்கம் அதே இடத்தில் மஞ்சள் பொட்டு. நடுவில் குங்குமம். கல் போலக் காய்ந்த மாவு.

என் பொட்டு. நினைவிருக்கிறது. மூடியின் நடுவில் விரல் நுனிக்கு அளவெடுத்த மாதிரி ஒரு சின்னப் பள்ளம். இங்கே அழகாக உட்காரும் என்று நினைத்து, அழுத்தி வைத்தேன். மூடி உள்ளடங்கிய இடம், மழை படாது. ஜப்பார் நானா தினம் சுற்றிக் கழுவினார், அதைத் தொடாமல்.

சேலை ஊசியால் குடைந்தேன். ஒரு துணுக்கு உள்ளே விழாமல் வெளியே வந்தது. வாய் வைத்து ஊதினேன். காற்று போனது. தட்டித் தட்டி நின்ற நேரமெல்லாம் மூடியோரம் கசியும் காற்றுக்குத்தான் காத்திருந்திருக்கிறோம்.

மாத்தளை வரை ஒரே ஓட்டம். 8.10.

பாதி வழியில் மாமா, முன்கண்ணாடியைப் பார்த்தபடி: "இந்தா, இத யார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத. சாமிக்கு வச்ச பொட்டால வண்டி நின்னுச்சின்னா ஊரே சிரிக்கும். பம்ப் சரியாயிருச்சி, அவ்ளோதான். அவனும் போய்ட்டான். விடு."

நான் "ம்" என்றேன். ஏன் சொன்னேன்?

வீட்டில் மாமா சொன்னார், "சரியாயிருச்சி மச்சான். ஆள் மாறுனதும் சரியாயிருச்சி." அப்பா தலையாட்டினார். அம்மா மாமாவுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். நான் அங்கேதான் நின்றேன். கையில் குடத்தோடு.

ஒக்டோபர் 28, சனி

தூக்கமில்லை. ஓட்டம் நன்றாக. 8.05. மாமா வழியெல்லாம் பாடினார்.

மாலையில் அப்பா காலுக்கு மருந்து கட்டும்போது போய் உட்கார்ந்தேன். அடுப்படியிலிருந்து மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"என்னாம்மா?"

"இதுக்கு ஏன்ப்பா மேல ரெண்டு ஓட்ட போடுறோம்?"

"ஒண்ணு ஊத்த. ஒண்ணு காத்துக்கு. ஒண்ணே போட்டா கொஞ்சம் வந்து நின்னுரும்..."

நிறுத்தினார். என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் எனக்கு வாய் வந்தது. எல்லாம் சொன்னேன். திகதி, கட்டை, குச்சி, கேன் மூடி, பொட்டு. இவ்வளவு நீளமாக அப்பாவிடம் நான் பேசியதே இல்லை.

கட்டுத்துணி அப்பாவின் கையிலேயே இருந்தது.

"பொட்டு வச்சது யாரு?"

"நான்தான்ப்பா."

"கம்பி கட்டுனது நான்." பிறகு, "என் செருப்ப எடு."

மாமா வாசலில். "நீங்க ஏன் மச்சான் போறீங்க, இந்தக் காலோட? வேணும்னா ஆள் விட்டுக் கூப்பிடலாம்."

"ஆள் விட்டா போகச் சொன்னோம்?"

நடக்கக் கால்மணி நேரம். மூன்று இடத்தில் அப்பா உட்கார்ந்தார். ஜப்பார் நானா வீட்டு முற்றத்தில் கஞ்சி மணம். நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம். அவர் மனைவி ராத்தா எங்களைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஜப்பார் நானா எழுந்து நின்றார். உட்காரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

அப்பா ஆரம்பிக்கவே இல்லை. நான்தான் சொன்னேன். இரண்டாவது தடவை, கொஞ்சம் சுலபமாக.

அவர் முதலில் கேட்டது இதுதான்: "மூடியத் தொறந்தப்ப சத்தம் வந்திச்சா?"

"வந்திச்சு நானா."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மூச்சு."

நெற்றியில் அடித்துக்கொண்டார். "நானும் கேட்டன் தங்கச்சி. எத்தன தரம் கேட்டன்! காது முழுக்கப் பம்புலயே ஈந்திச்சி." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அப்பாவைப் பார்த்துவிட்டார்.

அப்பா நிலத்தைப் பார்த்து, "திங்கக்கிழம அஞ்சு மணிக்கு," என்றார்.

"டேங்க்ல எவ்வளவு ஈக்கி மொதலாளி?"

"நீயே தொறந்து பாரு."

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். ஜப்பார் நானா பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ராத்தா எங்களுக்கும் கஞ்சி கொடுத்தார். அப்பா குடித்து முடித்தார். வருவாரா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒக்டோபர் 29, ஞாயிறு

பால் இல்லை. தூறல். செருப்பு தைத்தாயிற்று. மாமா வரவில்லை. கூட்டாளியை வர வேண்டாம் என்று சொன்னாரா, தெரியாது. அப்பாவும் கேட்கவில்லை.

சாவி மேசையில் அப்படியே. அம்மா அதைச் சுற்றித் துடைக்கிறாள்.

ஒக்டோபர் 30, திங்கள்

மழை இல்லை. குளிர். 4.40க்கே தயார். பேரேடு, பேனா, புதிதாக ஒரு ஊசி.

4.50. தெருவில் யாருமில்லை. அப்பா வாசலில் நிற்கிறார், புண் காலைத் தரையில் ஊன்றாமல். உட்காரச் சொன்னால் கேட்கவில்லை.

4.55. இன்னும் இல்லை.

5.05. அப்பா உள்ளே வந்து மேசையைத் தடவுகிறார். சாவி இல்லை. என்னைக் கேட்கிறார். நான் எடுக்கவில்லை. அடுப்படிக் கதவு திறந்தே கிடக்கிறது.

பின்பக்கம், கொட்டிலில், மூடி திருகும் சத்தம்.

"தங்கச்சி, அரை டேங்க் ஈக்கி. வாங்க, நேரமாகிது!"